படிக்கு ஒரு வரி

போன வருடம் ஒரு மத்தியான வேளை, அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது, வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ் மூன்று வரி: 'நீ அடிவாரத்தில் நிற்கிறாய். எதிரே படிகள். செருப்பைக் கழற்றினாயா?' அனுப்பியவள் என்னோடு கல்லூரியில் படித்தவள். 'இது நம்ம ஊர் ஆட்டமாச்சே, எழுதினது நீங்க ரெண்டு பேர்தானே?' என்று கேட்டிருந்தாள்.

எழுதியது நாங்கள் இரண்டு பேர்தான், நானும் என் தோழியும். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். அந்த ஆட்டத்தில் பாதிக்கு மேல் நான் சொன்ன பொய். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று முப்பது வருடத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தேன். தோழிக்குத் தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்றும் நம்பினேன். அவள் அடுத்த தெருவில்தான் இருக்கிறாள், வாரத்தில் நான்கு நாள் ஒன்றாகக் காபி குடிக்கிறோம். இந்த வயதில் அவளை இழந்தால் எனக்கு வேறு ஆள் கிடையாது. பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் நாறிய பிறகுதான் அடுப்பை அணைத்தேன்.

அது என்ன ஆட்டம் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கஷ்டம். நான் பள்ளிக்கூடத்தில் கணினி ஆசிரியையாக இருந்தவள், விளக்கிப் பார்த்து ஓய்ந்துபோனவள். படம் கிடையாது, சத்தம் கிடையாது. திரை ஒரு வரி சொல்லும், நீங்கள் ஒரு சொல் தட்ட வேண்டும். 'ஏறு' என்று தட்டினால் ஒரு படி ஏறுவீர்கள், 'இறங்கு' என்றால் ஒரு படி இறங்குவீர்கள். 'பார்' என்றால் அந்தப் படியில் என்ன இருக்கிறதென்று சொல்லும். 'உட்கார்' என்றால் உட்கார்வீர்கள், போன மூச்சு திரும்பி வரும். உட்காராமல் ஏறிக்கொண்டே போனால் மயங்கி விழுவீர்கள், மறுபடி அடிவாரத்திலிருந்து தொடங்க வேண்டும். முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறிவிட்டால் ஆட்டம் முடிந்தது. "இதுல யார மிஸ் சுடணும்?" என்று ஒருத்தி கேட்டாள். யாரையும் சுட வேண்டாம், மலை ஏறினால் போதும் என்றேன். அவள் என்னை ரொம்பப் பாவமாகப் பார்த்தாள்.

எண்பதுகளின் கடைசி அது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார்கள். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். ஊரில் யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை. எங்கள் ஊரில் முக்கியமான இடம் எதற்குள்ளும் செருப்போடு போகிற வழக்கம் இல்லை.

தோழி அந்த சென்டரின் முதல் மாணவி. நான் இரண்டாவது. சின்ன வயதில் போலியோ வந்து அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டையும் தோல்வாரும் வைத்த கேலிப்பரை மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு மாடிப்படி ஏறி வருவாள். பதினாறு படி. அவள் ஏறும்போது நான்கு பேர் "பாத்துமா, பாத்து" என்பார்கள். அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். "பாத்துகினுதான் ஏறேன், நீங்க வழிய வுடுங்க" என்பாள். கம்ப்யூட்டர் விஷயத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவரே மூன்றாவது மாதத்திலிருந்து அவளிடம் சந்தேகம் கேட்கத் தொடங்கிவிட்டார்.

அவர்தான் சென்னையிலிருந்து ஒரு பிளாப்பி கொண்டுவந்தார். அதில் வெளிநாட்டு ஆட்டம் ஒன்று இருந்தது. குகைக்குள் போக வேண்டும், இருட்டில் வழி கண்டுபிடிக்க வேண்டும், எல்லாம் எழுத்தாலேயே. தோழி இரண்டு வாரம் அதில் கிடந்தாள். பிறகு ஒருநாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு திரும்பி, "குகைய யாருடி பாத்தா? நம்மகிட்ட மலை கீது. மலைய எழுதலாம்" என்றாள்.

எங்கள் ஊர் முருகன் கோயில் மலைக்கு அவள் நிறைய தடவை போயிருக்கிறாள், ஆனால் ரோட்டு வழியாக, வண்டியில். படிவழியாக ஒரு தடவைகூட ஏறியதில்லை, வீட்டில் விடமாட்டார்கள். அது எப்படி உறுத்தியது என்று அவளே ஒருமுறை சொன்னாள். "வூட்ல எல்லாரும் படில ஏறி வந்து மேல நிப்பாங்க. மூச்சு வாங்கிகினே ஏதேதோ பேசிப்பாங்க. நான் மட்டும் வேற ஊர்லருந்து வந்தவ மாதிரி கார்லருந்து எறங்குவேன்."

புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதில் சுலபமான வழி ஒன்று உண்டு. படி எல்லாம் படிதான். ஒரே வரியை எழுதிவிட்டு எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நான் அதைத்தான் சொன்னேன். வருடக் கடைசியில் எங்கள் ஊரில் படித் திருவிழா நடக்கும். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூப் போட்டு, கற்பூரம் ஏற்றி, பாட்டுப் பாடித்தான் அடுத்த படிக்குப் போவார்கள். தோழி என்னை முறைத்துவிட்டு, "படித் திருவிழால மொதப் படிக்கு மட்டும் மஞ்சள் பூசிட்டு, மத்ததெல்லாம் இதே மாதிரின்னு சொல்லிட்டுப் போயிடறாங்களா?" என்று கேட்டாள். படிக்கு ஒரு வரி என்று முடிவாயிற்று. பார்த்து எழுத வேண்டியவள் நான், கால் இருக்கிறதே.

வாரத்துக்குப் பத்துப் படி. கல்லூரி பஸ்ஸுக்கு முன்னால் நாற்பது பக்க நோட்டோடு மலைக்குப் போவேன். ஏழாவது படியில் உபயதாரர் பெயர் தேய்ந்து இரண்டே எழுத்து மிச்சம். முப்பத்தொன்றில் வலது மூலை உடைந்து, அதில் யாரோ வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவியிருந்தார்கள். எழுபத்தேழில் கல்லில் வெட்டிய இரண்டு பாதம், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நான் படிப்பேன், அவள் குறுக்கு விசாரணை செய்வாள். "வலதுன்னா ஏறும்போதா, எறங்கும்போதா?" "சுண்ணாம்பு காஞ்சிருந்துதா?" "எத்தனாவது படில மூச்சு வாங்குது?" எனக்கு வாங்காது என்றேன், அந்த வயதுத் திமிர். "உன்னப் பத்தி யார் கேட்டா? மத்தவங்க எங்க ஒக்கார்றாங்கன்னு பாத்துகினு வா" என்றாள். ஆட்டத்தில் மூச்சு போகிற கணக்கு முழுவதும் அப்படி வந்ததுதான். ஒரு வரி பிடித்துவிட்டால் அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பாள். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் நல்லதாகத் தேடிக்கொண்டு வருவேன்.

நூற்றுப் பன்னிரண்டாவது படியோடு அது நின்றது. எங்கள் நிலத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் நைனாவிடம் போய், "உங்க பொண்ணு காலைல காலைல படில ஒக்காந்துகினு நோட்ல எழுதிகினு கீதே, யாருக்குங்க லெட்டர்?" என்று கேட்டிருக்கிறார். என் நைனா அடிக்கிற ஆள் இல்லை. அன்று சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நாளையிலருந்து மலைப் பக்கம் போவாத" என்றார். அவ்வளவுதான், மேலே பேச்சு கிடையாது.

மறுநாள் சென்டருக்கு வெறுங்கையோடு போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். கேலிப்பரைத் தளர்த்திவிட்டு, காலைத் தேய்த்துக்கொண்டே அவள் கேட்டாள். "நூத்திப் பதிமூணு?"

இரண்டு காலும் நன்றாக இருக்கிறவள், ஒருநாளும் மலைப்படி ஏறாதவளிடம் போய், என்னைப் படி ஏறவிடமாட்டேன் என்கிறார்கள் என்று எப்படி அழுவது? "விரிசல்ல ஒரு அரசங்கன்னு, ரெண்டு இலை" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். "நல்லா கீதுடி" என்று தட்டினாள்.

பிறகு பொய் எனக்குக் கைவந்துவிட்டது. ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. என் பொய்கள் என் உண்மைகளைவிட நன்றாக இருந்தன. நூற்று எண்பத்தெட்டில் ஒற்றைக் கொலுசு கிடக்கும், 'எடு' என்று தட்டினால் எடுக்கலாம், முந்நூறாவது படியில் ஒரு பெண் அதைத் தேடிக்கொண்டிருப்பாள். கடைசிப் படியில் ஒரு சங்கு வெட்டியிருக்கும். வாரத்துக்குப் பத்து என்றிருந்தது இருபதானது, உட்கார்ந்த இடத்தில் ஏறுவதற்கு எத்தனை நேரம் ஆகும்? நைனா ஒரு மாதத்தில் அந்தப் பேச்சையே மறந்துவிட்டார். வேர்க்கடலை அறுவடை வந்தது, என்னை நினைக்க அவருக்கு நேரமில்லை. நான் மறுபடி மலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இதை வெகுகாலம் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் அவள் சொன்னாள்: "இருநூத்தி ஆறுல கல்லு சுடுதுன்னு சொன்னே இல்ல, அத படிச்சா எனக்குக் கால் சுடுதுடி. இப்பல்லாம் கண்ண மூடினா படி ஒன்னொன்னா தெரியுது." நான் ஜன்னலுக்கு வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு சொல்ல நல்ல நாள் எதுவும் வரவில்லை.

அந்த வருடப் படித் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு ஆட்டம் முடிந்தது. முடித்த சூட்டில் தோழி நான்கு நாள் சென்டருக்கு வரவில்லை. ஜுரமாக இருக்கும் என்று நினைத்து ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக் குடித்தாள், அதிகம் பேசவில்லை. ஐந்தாம் நாள் வந்து, "சின்னச் சின்ன திருத்தம் கீது" என்று சொல்லிப் பாதி நாள் தனியாக உட்கார்ந்து தட்டினாள். பிறகு திறந்துவிட்டோம்.

சென்டரில் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் அதைத்தான் ஆடினார்கள். வெளியே கழற்றிய செருப்புகளைப் பார்த்து, உள்ளே சாமி வைத்திருப்பதாகவே ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள். பையனுக்குப் பணம் கட்ட அம்மையார்குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மா, முழங்கால் வலியால் மலை ஏறி எத்தனையோ வருடமானவர், விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு எழுத்து கூட்டத் தெரியாது. தோழி தட்டித் தட்டி ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். முந்நூற்று அறுபத்தைந்தும். கடைசியில் அந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது.

பிளாப்பிக்குப் பிளாப்பி ஏறி அது ஊரைவிட்டுப் போனது. பொதட்டூர்பேட்டைப் பையன் ஒருவன் சென்னைக் கல்லூரிக்குக் கொண்டுபோனான். அரக்கோணத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை நேரத்தில் ஆடி மாட்டிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டோம். ஒருமுறை மணவூர் ஸ்டேஷனில் நான் ரயிலுக்காகக் காத்திருந்தபோது, முன்பின் தெரியாத இரண்டு பேர் கொலுசை எங்கே கொடுப்பது என்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. பிறகு கலர் திரை வந்தது, எலி வந்தது, சுடுகிற ஆட்டங்கள் வந்தன. பிளாப்பியில் பூஞ்சை பூத்தது. சென்டர் செல்போன் கடையானது. தோழி தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் வந்து கம்ப்யூட்டர் வேலை பார்த்து, ஓய்வு பெற்றாள். நான் உள்ளூரிலேயே ஆசிரியையானேன். ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் வேறு பக்கம் திருப்பிவிடுவேன். ஆட்டம் செத்துவிட்டது என்பதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது.

சென்னையில் பழைய கம்ப்யூட்டர் ஆட்டங்களைத் தேடிச் சேர்க்கிற ஒரு பெண், காயலான் கடைக்கு வந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து ஆட்டத்தைக் கிளறி வெளியே எடுத்து அந்த நிம்மதியைக் கெடுத்துவிட்டாள். வாட்ஸப் படம் அவள் எடுத்ததுதான். ஒரே வாரத்தில் எங்களைக் கண்டுபிடித்து, தோழியின் வீட்டுக்கே வந்துவிட்டாள். முப்பது வயதிருக்கும், முதுகில் பை, வாய் நிறையக் கேள்வி. ஆட்டத்தை யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே ஆடுகிற மாதிரி இணையத்தில் போடப்போகிறாளாம். கூடவே அது உருவான வரலாறு ஒரு பக்கம் வேண்டுமாம்.

"எழுதிக்கோம்மா" என்றாள் தோழி. என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "முந்நூத்தி அறுபத்தஞ்சு படியும் நேர்ல பாத்து எழுதினது. ஒன்னுகூட கற்பனை கெடையாது. அப்பிடித்தானேடி?"

"ஆங்" என்றேன்.

சென்னைப் பெண்ணுக்கு ஒரே உற்சாகம். "அப்போ நாளைக்குக் காலையில நான் படியில ஏறிக்கிட்டே ஆடிப் பார்க்கிறேன். வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம்" என்றாள். மழை வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் ஊர் முருகன் என் வேண்டுதலுக்கு எப்போது அசைந்திருக்கிறார்?

மறுநாள் ஒன்பது மணிக்கு மேல் அவள் எனக்குப் போன் பண்ணினாள். மூச்சு வாங்கியது. "மேடம், நூத்திப் பன்னெண்டு வரைக்கும் அப்படியே இருக்கு. சிமெண்ட் பூசினதைக் கழிச்சுப் பார்த்தாலும் நிறைய இருக்கு. அந்த ரெண்டு பாதம்கூட இருக்கு. அதுக்கப்புறம் ஒன்னுகூடச் சரியா வரலை."

"அப்படியா" என்றேன். வேறு என்ன சொல்வது.

"ஆனா கடைசி பதினொன்னு மறுபடியும் சரியா இருக்கு மேடம்."

அது எப்படி இருக்க முடியும்? கடைசிப் பதினொன்றும் நான் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு கற்பனை செய்தவை. சங்கு நானே இட்டுக்கட்டியது. ஆட்டோ பிடித்து ரோட்டு வழியாக மேலே போனேன். அவள் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் 'பார்'னு தட்டினா உங்க சங்குதான் வருது" என்று செல்போனைக் காட்டினாள். "கால் வலிச்சது, உட்கார்ந்தேன். சரி, ஆட்டத்துலயும் உட்காருவோம்னு 'உட்கார்'னு தட்டினேன். அப்புறம் ஒவ்வொரு படியா இறங்கி அதையே தட்டிப் பார்த்தேன். இங்க பாருங்க."

எல்லாப் படியிலும் 'உட்கார்' என்றால் 'உட்கார்ந்தாய், மூச்சு திரும்புகிறது' என்றுதான் வரும். இங்கே வேறொன்று வந்திருந்தது. 'கல்லின் அடி விளிம்பில் உளி தப்பிய மூன்று கோடு.' அவள் குனிந்து விரலால் தொட்டுக் காட்டினாள். மூன்று கோடும் இருந்தன. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. அதற்குக் கீழ்ப் படி: 'இங்கே கல் வழுவழு. கை ஊன்றினால் வழுக்கும்.' நான் அந்தப் படியில் உட்கார்ந்து கையை ஊன்றிப் பார்த்தேன். அதற்கும் கீழே: 'பக்கச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு பள்ளம்.' உட்கார்ந்த உயரத்தில், நான்கு விரல் நுழைகிற பள்ளம் ஒன்று இருந்தது.

கோபுரம் கண்ணில் பட்டபிறகு யாரும் உட்கார்வதில்லை. மலையிலும் அப்படித்தான், ஆட்டத்திலும் அப்படித்தான். கடைசிப் பதினொன்றை எல்லாரும் ஓடித்தான் ஏறுவார்கள். இத்தனை வருடத்தில் நானும் அங்கே 'உட்கார்' என்று ஒருதடவைகூடத் தட்டிப் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். ஏறி வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். முந்நூற்று ஐம்பத்தைந்தாவது படியில் 'உட்கார்' என்று தட்டியபோது வந்தது: 'இதற்குக் கீழே முடியவில்லை. மீதி அவள் சொன்னபடி.'

எனக்கு அழுகை வந்துவிட்டது. படியில் உட்கார்ந்து அழுகிறவர்கள் மலையில் சகஜம், யாரும் என்னவென்று கேட்கவில்லை.

தோழியின் வீட்டுக்குள் போனதும், "எப்ப தெரியும்?" என்றுதான் கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. சென்னைப் பெண் வாசல் பக்கமே நின்றுவிட்டாள்.

"எழுதி முடிச்ச வாரமே" என்றாள் தோழி. "கடைசிப் படியையாவது கண்ணால பாக்கலாம்னு அம்மாவ கூட்டிகினு கார்ல போனேன். சங்கத் தேடினேன். இல்ல. சரி, ஞாபகப் பிசகா இருக்கும், அடுத்தது பாக்கலாம்னு கேலிப்பரக் கழட்டி வெச்சிட்டு ஒக்காந்து எறங்கினேன். அம்மா மேல நின்னுகினு கத்தறாங்க. பதினொன்னு எறங்கினேன். பதினொன்னும் பொய்யி. உள்ளங்கைத் தோல் உரிஞ்சிடுச்சி."

"அந்த நாலு நாள்..."

"ஆங். உன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு படுத்திருந்தேன். நீ ரசம் எடுத்துகினு வந்தே. குடிச்சிட்டுத் திட்டலாம்னு இருந்தேன். ரசம் நல்லா இருந்துது."

"அப்பவே செருப்பால அடிச்சிருக்கலாமே. ஏன் சொல்லல?"

அவள் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "சொன்னா நீ எனக்கு முன்னாடி தல குனிஞ்சிகினே நிப்பே. என்னப் பாத்துப் பாவம்னு குனியறவங்க எனக்கு ஏற்கெனவே ஊரு பூரா இருந்தாங்கடி. என்ன ஏமாத்தறதுக்கு நீ ஒருத்திதான் இருந்தே. சோம்பேறிக் கழுதை, ஏறாம கதை வுடுதுன்னு நெனச்சேன். அது எனக்குப் பரவால்லாம இருந்துது." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "ஆனா நேத்து இந்தப் பொண்ணு முன்னால கேட்டேன் பாரு, அப்பவாவது வாயத் தொறப்பேன்னு நெனச்சேன். ஆங்குன்னே. அதுதான் வலிச்சுது."

அப்போதுதான் நைனா விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. பக்கத்து நிலத்துக்காரர், லெட்டர், மலைப் பக்கம் போவாத என்றது, எல்லாம் சொன்னேன். "உன்கிட்ட வந்து எப்பிடிடி சொல்றது? உனக்கு ஏறவே..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

அவள் முகம் மாறியது. நான் பயந்துகொண்டிருந்த முகம் அதுதான், முப்பது வருடம் தள்ளி வந்தது.

"அப்ப நீயும் குனிஞ்சவதான்" என்றாள்.

பொய் சொன்னதை அவள் எப்போதோ மன்னித்துவிட்டிருக்கிறாள். நான் இரக்கப்பட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவளை ஏமாற்றிய ஒரே ஆள் என்ற மரியாதையில் இத்தனை நாள் என்னைப் பக்கத்தில் வைத்திருந்திருக்கிறாள், அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று மீதியையும் சொன்னேன். "தடை ஒரு மாசந்தான். அப்புறம் நைனா மறந்துட்டார். நான் போயிருக்கலாம். போவல. படுத்துகினே கதை கட்றது சொகமா இருந்துது."

"நெஜமா?"

"சத்தியமா."

"எத்தனாவது படிலருந்து?"

யோசித்தேன். வாரத்துக்குப் பத்து, ஒரு மாதம். "நூத்தி அம்பது இருக்கும்."

அவள் வாசல் பக்கம் திரும்பி, "உள்ள வாம்மா. வரலாறு கேட்டியே, எழுதிக்கோ" என்றாள். சென்னைப் பெண் வந்து தரையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

"ஒன்னுலருந்து நூத்திப் பன்னெண்டு வரைக்கும் பாத்து எழுதினது. நூத்திப் பதிமூணுலருந்து நூத்தி அம்பது வரைக்கும் இரக்கம். நூத்தி அம்பத்தொன்னுலருந்து முந்நூத்தி அம்பத்திநாலு வரைக்கும் சோம்பேறித்தனம். முந்நூத்தி அம்பத்தஞ்சுலருந்து கடைசி வரைக்கும் ஒக்காந்து பாத்தது. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்மா. நடுவுல இருக்கிற படிகளை இப்போ திருத்தணுமா?"

"ஒரு எழுத்தும் தொடக் கூடாது. அந்த இரக்கப்பட்ட முப்பத்தெட்டுல மட்டும் எனக்குக் கொஞ்சம் கோவம் கீது. அது எங்களுக்குள்ள. மத்ததெல்லாம் நல்ல பொய்யி. அந்த அம்மையார்குப்பத்தம்மா அதுலதான் ஏறிச்சி."

சென்னைப் பெண் தலையை நிமிர்த்தி, இரண்டு பேர் பெயரும் எப்படிப் போடட்டும் என்று கேட்டாள். என் பெயர் வேண்டாம், அவள் பெயரை மட்டும் போடு என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

தோழி ஊன்றுகோலால் என் காலில் ஒரு தட்டுத் தட்டினாள். வலித்தது.

"உன் பேர எடுத்துட்டா நான் யார்கூடடி ஏறினேன்?" என்றாள்.

அந்தப் பெண் என் பெயரைத் தட்டினாள்.